சாலமோனுக்கு விரித்த படுக்கை

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகக் கீழ்க்கட்டளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அட்டைப்பெட்டிகளாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றில் மரச்சீவல். ஒன்றில் காகிதத்தை ஊறவைத்து உருட்டிக் காயவைத்த மாதிரி உருண்டைகள். ஒன்றில் பச்சை நிறத்தில் கம்பளித் துணி. இன்னொன்றில் காய்ந்த புல். புல்லைக்கூட இப்போது பெட்டியில் போட்டு வீட்டு வாசலுக்கு அனுப்புகிறார்கள், அதையும் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்கள். நடுவே கூண்டில் பேத்தியின் முயல், வயிற்றில் தையலோடு, இந்த வீட்டின் மேல் எந்த நம்பிக்கையும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஆபரேஷன்.

மகள் கைபேசியைப் பார்த்துச் சொன்னாள்: "மரச்சீவல் வேண்டாமாம். தையல்ல குத்துமாம்."

மாப்பிள்ளை தன் கைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "துண்டும் கூடாதாம். நூல் நகத்துல மாட்டிக்குமாம்."

"அப்ப அது நின்னுக்கிட்டே தூங்கணுமா?" என்று பேத்தி அழுதாள். அந்த வீட்டில் அறிவோடு பேசியது அவள் ஒருத்திதான்.

நான் கனைத்தேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை கனைத்தேன். "மாமாவுக்குத் தண்ணி குடு" என்றார் மாப்பிள்ளை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பம்மலில் ஒன்று, மேடவாக்கத்தில் ஒன்று, இதே கீழ்க்கட்டளையில் ஒன்று என்று மூன்று மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை, நானும் அதைத் தாங்கவில்லை. ஊசியும் நூலும் இரண்டு கையும்தான் முதல். இன்றைக்குக் காட்டாங்குளத்தூரில் பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் விடுதியில் என் மெத்தையில்தான் தூங்குகிறார்கள். மெத்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவேண்டாம், ஒருத்தன் அதில் உட்காரும்போது வரும் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படுக்கை என்ற விஷயத்தில் இந்தப் பக்கத்தில் என்னைத் தாண்டிப் போகிறவன் இன்னும் வரவில்லை. அப்படிப்பட்டவன் கூடத்தில் தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருக்கிறேன், இவர்கள் கைபேசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "மாமா, இது உங்க மெத்தை மேட்டர் இல்ல. ஆபரேஷன் ஆன ராபிட்டுக்குப் பெட்டிங். இது வேற சப்ஜெக்ட்" என்றார்.

வேற சப்ஜெக்ட்டாம்! நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே வயிற்றைத் தைத்த ஒரு முயலால்தான். அதை இவர்களிடம் எங்கே போய்ச் சொல்வது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு பொழிச்சலூரில். வீடு என்றால் ஒரே அறை, அதன் ஓரத்தில் அடுப்பு, மேலே ஓடு, கீழே சிமெண்டுத் தரை. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது அடுக்கில் இருக்கும் பாத்திரமெல்லாம் ஒரு தடவை பேசிவிட்டு அடங்கும். அப்பாவுக்குப் பல்லாவரம் மலையில் கல் உடைக்கிற வேலை. அம்மா, நான், அப்புறம் அப்பாவின் தங்கை. இந்த அத்தை மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகரப்பெட்டியோடு வந்தவள். செங்கல்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எதற்கு வந்தாள், எப்போது போவாள் என்று யாரும் சொல்லவில்லை. "அத்தைக்கு வயித்து வலி" என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அத்தையைக் கண்டாலே எரிச்சல். குடத்தைத் தூக்கமாட்டாள். குனிந்து பெருக்கமாட்டாள். அம்மிக்குப் பக்கத்தில் மூலையில் ஒரு கோரைப்பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் எழுந்திருப்பாள். அவள் தூக்காத குடம் என் தலைக்கு வந்தது. "மகாராணி வந்து எறங்கிக்கீறாங்க, நாம பல்லக்கு தூக்கலாம்" என்று அம்மா அடுப்பிடம் சொல்லுவாள். அடுப்புக்குத்தான் சொல்லுவாள், ஆனால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

முயல் வந்தது கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில். சபையார் வீட்டில் விளைந்தது, வளர்ந்தது, சமைத்தது என்று எதையாவது கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். அப்பா ஒரு பூசணிக்காய் எடுப்பதாகச் சொல்லித்தான் போனார். அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்த மலை மேஸ்திரி, குழம்புக்கு ஆகும் என்று ஒரு வெள்ளை முயலைக் கேட்டார். மேஸ்திரி கேட்டதை மேஸ்திரிக்கு விடக்கூடாது என்று அப்பாவுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. பூசணிக்காய் போச்சு. மேஸ்திரிக்குக் குழம்பும் போச்சு. அப்பா முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தாவீது ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"இத்த இன்னா பண்றது? மேல தூக்கி வெச்சு அழகு பாக்கறதா?" என்றாள் அம்மா.

"மூஞ்சிய பாரு, இன்னா ஒரு ஞானம்!" என்று சொல்லி அப்பா அதற்குச் சாலமோன் என்று பெயர் வைத்தார்.

அது எனக்கு என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எனக்கு என்று ஒரு பம்பரம்கூட இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் மதித்ததில்லை. சாலமோன் வந்தபிறகு வாத்தியார் மகன்கூட வீட்டுக்கு வந்து கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போனான். சாலமோனின் வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. நான் போடுகிற தீனி அப்படி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாலமோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கீழே ரத்தம்.

பல்லாவரத்தில் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. பழப்பெட்டியில் முயலை வைத்து, சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இதுக்கு யாருப்பா சாலமோன்னு பேரு வெச்சது? இது பொட்ட. உள்ள குட்டி செத்துக் கிடக்குது."

ஏலத்துக்கு வரும்போதே அது சூலாக வந்திருக்கிறது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் நின்றேன். வேப்பமரத்து எறும்பை எண்ணினேன், நூறுக்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாததால் திரும்பத் திரும்ப நூறு எண்ணினேன். ரொம்ப நேரம் கழித்து டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குட்டியையும் குட்டி இருந்த பையையும் சேர்த்து எடுத்தாகிவிட்டது, தையல் போட்டிருக்கிறது, பத்து நாள் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார்.

"சுத்தமா, மெத்துனு, ஈரமில்லாம ஒரு படுக்கை போடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது எதையாவது கடிச்சுத் தின்னணும், புழுக்கை போடணும். முயலுக்குக் குடல் நின்னா அவ்வளவுதான். பொழைக்காது."

பெரிய படிப்புப் படித்தவர். எந்தப் படுக்கை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவும் இல்லை, அப்பா கேட்கவும் இல்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே! எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு இந்த வியாதி உண்டு. எனக்கு இல்லை.

வீட்டில் எங்களை இறக்கிவிட்ட கையோடு அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், மரம் அறுக்கிற மில்லில் இருந்து ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவந்தார். "எவ்ளோ ஈரமா இருந்தாலும் இழுத்துக்கும்" என்றார். வழியெல்லாம் மழை. மூட்டை ஏற்கனவே இழுக்கவேண்டியதை எல்லாம் இழுத்து முடித்திருந்தது. உள்ளே நடுவில் இருந்த காய்ந்த தூளாகப் பார்த்துப் பெட்டியில் கொட்டி, சாலமோனை அதன்மேல் கிடத்தினார்.

அம்மி மூலையில் இருந்து அத்தை, "தரையில வெக்காதண்ணா" என்றாள்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாலமோன் மாவில் புரட்டி வறுக்க வைத்த மீன் மாதிரி ஆகிவிட்டது. தையல் முழுக்க மரத்தூள். அது தும்மியது. தும்மினால் வயிறு குலுங்கும், குலுங்கினால் அது உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். அம்மா ஓடிவந்தாள்.

"டாக்டரு சுத்தமான்னு சொன்னாரா இல்லியா? இது சுத்தமா?" என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, தெருமுனையில் இருந்த வேப்பமரத்தில் ஒரு கை ஒடித்துக்கொண்டு வந்து பரப்பினாள். அம்மை போட்டவர்களைப் படுக்கவைக்கிற மாதிரி தலைமாட்டுக்கு ஒரு கொத்து வேறு.

அப்பா பார்த்தார். "இன்னாடி இது? முயலுக்கு அம்மையா போட்டுக்கீது? நாளைக்குக் கூழும் ஊத்துவியா? கோயில்ல தெரிஞ்சா இன்னா ஆவறது?"

"வேப்பல கிருமிய கொல்லும். அதுக்கு இன்னா, ஞானஸ்நானம் குடுத்துட்டா வெக்கணும்?"

"தரையில வெக்காதீங்க அண்ணி. குளிரு ஏறும்" என்றாள் அத்தை, மூலையில் இருந்து.

"நீ ஒருத்தி படுத்துகினே சொல்லு" என்றாள் அம்மா.

வேப்பிலை கிருமியைக் கொன்றதோ இல்லையோ, அதோடு கூடவே வந்த எறும்பை யாரும் கொல்லவில்லை. சிவப்பு எறும்பு. நான்தான் முதலில் பார்த்தேன். தையலை நோக்கி வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அப்பா இலையை அள்ளி வெளியே எறிந்தார், அம்மா அவரை ஒரு பேச்சுப் பேசினாள், அவர் அம்மாவின் அண்ணனை இழுத்தார், அம்மா ஏலத்தையும் பூசணிக்காயையும் இழுத்தாள். விமானம் ஒன்று இறங்கியது. அது போனபிறகும் இவர்கள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்கள். சாலமோன் வெறும் தரையில் கிடந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

எனக்கு வெறுத்துப்போய்விட்டது. இந்த வீட்டில் மூளை உள்ளவன் நான் ஒருவன்தான் என்று அன்றே தெரிந்தது. டாக்டர் மெத்து என்றாரா? எங்கள் வீட்டில் மெத்தென்று ஒரே ஒரு பொருள் இருந்தது. போதகரின் தலையணை.

அதைச் சொல்லவேண்டும். போதகர் வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டு ஜெபத்துக்கு வருவார். அவர் முதுகுக்கு வைக்க என்று ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை அம்மா உறை போட்டு, உறைக்கு மேல் உறை போட்டு, பரண் மேல் வைத்திருந்தாள். நாங்கள் தலைக்குக் கையைத்தான் வைத்துப் படுப்போம், அல்லது சுருட்டிய துணியை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்தத் தலையணை இறங்கியதில்லை. நான் அண்டாவைக் கவிழ்த்து ஏறி அதை இறக்கினேன். அரிவாள்மனையில் ஒரு இழுப்பு. அத்தனை பஞ்சையும் பெட்டியில் கொட்டி, சாலமோனை அதற்குள் புதைத்தேன்.

இலவம்பஞ்சைக் கையாண்டவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டாம். அது இருக்கிற இடத்தில் இருக்காது. சண்டை போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் மீசையில் முதலில் போய் உட்கார்ந்தது. அவர் திரும்பினார். வீடு முழுக்கப் பஞ்சு. பெட்டிக்குள் சாலமோனின் மூக்கில் பஞ்சு, வாயில் பஞ்சு, தையலில் ஈரத்தோடு ஒட்டித் திரிதிரியாகப் பஞ்சு. அது வாயைத் திறந்து மூச்சு விட்டது. முயல் வாயால் மூச்சு விடக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது, ஆனால் அது சரியில்லை என்று தெரிந்தது.

"இது பொழச்சா உன்ன தோல உரிக்கிறேன்" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, "பொழக்கலன்னாலும் உரிக்கிறேன்" என்றார். நியாயஸ்தர்.

அம்மா தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். அம்மா பேசாமல் நின்றது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாரும் தள்ளுங்க" என்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாங்கள் தள்ளினோம்.

தகரப்பெட்டியைத் திறந்து ஒரு நீல நூல்புடவையை எடுத்தாள். துவைத்துத் துவைத்து நீலம் போய், அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு நைந்த புடவை. அதைப் பாதியாகக் கிழித்தாள். அம்மாவிடம் வெந்நீர் கேட்டாள். அம்மா மறுபேச்சில்லாமல் வைத்தாள். சாலமோனை மடியில் போட்டுக்கொண்டு, துணி நுனியை நனைத்து நனைத்துப் பஞ்சையும் தூளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு தையலைத் தொட ஐந்து நிமிஷம். அப்புறம் இரண்டு செங்கல்லைப் போட்டு அதன்மேல் பெட்டியைத் தூக்கி வைத்தாள். அடியில் அடுப்பு அனலில் காட்டிய சாக்கு. அதற்குமேல் மீதிப் புடவையை எட்டாக மடித்து, சுருக்கம் இல்லாமல் தடவித் தடவி விரித்தாள். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அணை மாதிரி வைத்தாள். நடுவில் வயிறு படுகிற இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விட்டாள்.

"தெச்ச எடம் கீழ அழுந்தக்கூடாதுடா. பொரண்டாலும் முட்டுக் குடுக்கணும்" என்றாள் என்னிடம். "நீ போயி அருகம்புல்லு பிடுங்கினு வா. ஈரத்தோட எடுத்தாராத. ஒண்ணொண்ணா தொடச்சு எடுத்தா."

ஏரிக்கரையில் மழையில் நின்று பிடுங்கினேன். என் சட்டையைக் கழற்றித் துடைத்து, சட்டையும் நனைந்துபோய், பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவின் வேட்டியில் துடைத்தேன். அருகம்புல்லை ஒவ்வொரு இதழாகத் துடைத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அத்தை அதைச் சாலமோனின் மூக்குக்கு எட்டுகிற மாதிரி அணையின் ஓரமாகச் செருகி வைத்தாள். படுத்தபடியே தின்னலாம்.

அது தின்னவில்லை. அன்று மாலையும் தின்னவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் புல் அப்படியே இருந்தது. நான் புதுப் புல் கொண்டுவந்தேன். மதியமும் அப்படியே. சாயங்காலத்துக்குள் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. படுக்கைக்குச் சண்டை போட்டதில் அந்தப் பாதியை நாங்கள் மறந்தே போயிருந்தோம். அப்பா அரைநாளோடு வந்து வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார், அணைந்தது, மறுபடி பற்றவைத்தார். நான் பெட்டிக்கு இந்தப் பக்கம், அத்தை அந்தப் பக்கம். அவள் ஒரு கையைச் சாலமோனின் முதுகில் வைத்திருந்தாள். இன்னொரு கையைத் தன் வயிற்றில் வைத்திருந்தாள்.

"சாவுமா அத்தே?"

"சும்மா இரு. அதுக்கு இப்ப பேச்சு ஆவாது."

நாலு மணி விமானம் இறங்கியது. பாத்திரம் எல்லாம் பேசி அடங்கியது. அடங்கிய பிறகும் ஒரு சின்ன சத்தம் மட்டும் நிற்கவில்லை. கரகரவென்று, ரொம்ப மெல்லிசாக. நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அத்தை என் தோளைத் தட்டிப் பெட்டியைக் காட்டினாள். ஒரு அருகம்புல் நுனி சாலமோனின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் முன்னால் மூன்று புழுக்கை. சின்னதுதான், மிளகு அளவு. நான் தெருவில் இறங்கி ஓடினேன். "சாலமோன் புழுக்கை போட்டுச்சு! சாலமோன் புழுக்கை போட்டுச்சு!" எதிரே வந்த மலை மேஸ்திரி சைக்கிளை நிறுத்தி, "அடேய், எல்லா மொயலும் அதத்தாண்டா போடுது" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

திரும்பி வந்ததும் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தலையணைக்கு நான்கு அடி, அரிவாள்மனையைத் தொட்டதற்கு ஒன்று.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். பெட்டியை ஆடாமல் பிடிக்க அத்தையால்தான் முடியும் என்று அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அப்பா ஓட்டினார். நான் பின்னால் ஓடினேன். போகும்போது ஒரு பள்ளத்தை அப்பா விடவில்லை. எல்லாவற்றிலும் இறங்கி ஏறினார்.

டாக்டர் சாலமோனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு பெட்டியைப் பார்த்தார். மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். அணையை அழுத்திப் பார்த்தார். பள்ளத்தில் விரலை வைத்தார்.

"யாருப்பா இப்படி விரிச்சது?"

எனக்கு வாய் அரித்தது. புல் துடைத்தவன் என்ற முறையில் ஒரு அடி முன்னால் வந்தேன். அதற்குள் அப்பா அத்தையைக் காட்டினார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் கர்ப்பப்பைய எடுத்து நாலு மாசம்தான் ஆச்சு சார். தெச்ச வயித்துக்குத் தரை ஆவாது. குளிரு ஏறுனா உள்ளேந்து புடிச்சு இழுக்கும்."

"சரிதான். நீ எதுல படுக்கிற?"

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

அப்பா குனிந்து சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தார். காற்று இருந்தது. சுற்றிக்கொண்டு போய் இன்னொரு டயரையும் அழுத்திப் பார்த்தார். பிறகு முதல் டயரை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளில் ஏறவே இல்லை. அத்தையைக் கேரியரில் உட்காரவைத்து, பல்லாவரத்தில் இருந்து பொழிச்சலூர் வரைக்கும் உருட்டிக்கொண்டே நடந்தார். பள்ளம் வந்தால் நின்று, ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் கேரியரையும் பிடித்து, சுற்றிக்கொண்டு போனார். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. "தையல்தான் பிரிச்சாச்சே நைனா, இன்னும் இன்னாத்துக்கு மெதுவா போற? சாலமோனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன். "மூடிகினு வா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வேலை முடிந்து வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்குள் மெத்தை என்று ஒன்று நுழைந்தது அன்றுதான். அம்மாவிடம் சொல்லியிருந்தாரா இல்லையா தெரியாது. அம்மா எழுந்துபோய் அம்மியைப் புரட்டிப் புரட்டி அந்தப் பக்கம் தள்ளினாள், மூலையில் இடம் வந்தது. கோரைப்பாயைச் சுருட்டினாள். அப்பா மெத்தையை விரித்தார். "படு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, பீடி வாங்கப் போகிறவர் மாதிரி வெளியே போய்விட்டார். பீடி சட்டைப் பையில் இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஒரு தலையணைக்கு ஐந்து அடி வாங்கினவன் நான். சும்மா படுத்திருந்த அத்தைக்கு முழு மெத்தை! அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புதுச்சட்டை இல்லை என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தபோது ஆத்திரம் இரட்டிப்பாகியது. சாலமோன் மட்டும் குறையொன்றும் இல்லாமல் மூன்று வருஷம் வீட்டைச் சுற்றித் திரிந்தது. அத்தையின் நீலப் புடவையைத் தவிர வேறு எதிலும் படுக்காது.

மெத்தை வந்த அன்றைக்கு அத்தை அதில் படுக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தாள். கையால் ஒரு தடவை தடவினாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. அம்மா அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

இது என்ன கூத்து என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தேன். கையில் கட்டி தட்டியது. தள்ளி அழுத்தினேன், இன்னொரு கட்டி. மில்லில் கழித்த பஞ்சைச் சரியாக அடிக்காமல் அடைத்திருக்கிறான். மொத்தம் ஏழு கட்டி. ஒன்பது வயதில், யாரும் சொல்லித்தராமல், ஒரே தடவையில் ஏழையும் கண்டுபிடித்தேன். சாலமோனுக்கு அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சுருக்கமில்லாமல் விரித்தவளுக்கு இப்படி ஒரு மெத்தையை வாங்கிக்கொண்டு வந்தால் அழமாட்டாளா? அப்பாவுக்கு எதையும் பார்த்து வாங்கத் தெரியாது, பூசணிக்காய்க்குப் போய் முயலோடு வந்தவர்தானே!

"அழாத அத்தே" என்றேன். "நான் பெரியவனாகி உனக்குக் கட்டியே இல்லாம ஒரு மெத்த தெச்சுத் தரேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். அழுகையும் நிற்காமல் சிரிப்பும் நிற்காமல் என் தலையைப் பிடித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அடுப்படியில் அம்மாவும் மூக்கைச் சிந்தினாள். புகை என்று நினைத்தேன்.

சொன்னதைச் செய்தேன். பம்மலில் முதல் கடை போட்ட அன்று முதல் மெத்தை அத்தைக்குத்தான். சுத்தமான இலவம்பஞ்சு, என் கையால் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஒரு கட்டி தட்டாது. வாங்கிக்கொண்டாள், கும்பிட்டாள், எடுத்து வைத்தாள், ஊரில் இருந்து வந்த யாருக்கோ கொடுத்துவிட்டாள். இரண்டாவதையும் கொடுத்தாள். மூன்றாவதையும் கொடுத்தாள். இந்தப் பக்கமெல்லாம் என் மெத்தையில் தூங்குகிறது, என் அத்தை மட்டும் கடைசிவரை அந்த ஏழு கட்டி மெத்தையை விடவில்லை. "இதுல இன்னா அத்தே கீது?" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே நான் கத்தியிருக்கிறேன். "உனக்குத் தெரியாதுடா, நல்லா தெச்சிருக்கிற, போ" என்பாள்.

தெரியாதுதான். அன்றைக்கு அந்த மூலையில் அவள் அழுததற்கு அந்த ஏழு கட்டிதான் காரணம் என்று முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் மூன்று கடை வைத்தேன்.